அணைக்கக் கூடாத கீபோர்டு

அக்டோபர் 28

காலையில் எமிலிக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு, பழைய கீபோர்டைத் துடைக்கலாம் என்று மேல்மூடியைக் கழற்றினேன். நேற்று வாசித்த பிறகு அதை அணைக்காமலே விட்டிருக்கிறேன். பவரைப் பிடுங்காமல் மூடியைத் திறப்பவன் மடையன். இன்றைக்கு அந்த மடத்தனம்தான் என்னைக் காப்பாற்றியது.

உள்ளே எட்டணாக் காசு அளவுக்கு ஒரு பாட்டரி. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மூன்று வோல்ட் காட்ட வேண்டியது ஒன்றரை காட்டியது.  கீபோர்டை அணைத்த பிறகும் அதில் சேமித்த சவுண்டுகள் அழியாமல் நிற்பது அந்தப் பாட்டரியின் தயவில். நேற்று ஒழுங்கானவன் மாதிரி அணைத்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

அத்தனையும் ரூபன் செய்த சவுண்டுகள். ரூபன் எமிலியின் தம்பி, என் மச்சினன். ரெக்கார்டிங் முடிந்து வரும் வழியில் லாரி மோதிச் செத்துப் பத்து வருஷம் ஆகப்போகிறது. ஜப்பானிலிருந்து வந்த இந்த கீபோர்டை நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினோம். நான் வாசிப்பேன், அவன் அதன் குமிழ்களைத் திருகிப் புதுப்புது சவுண்டாகப் பிறக்க வைப்பான். எதையும் எழுதி வைக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. குமிழ் இப்போது நிற்கிற இடத்துக்கும் உள்ளே சேமித்திருக்கும் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. அழிந்தால் அழிந்ததுதான்.

"என்ன, அங்க சத்தத்தையே காணும்?" என்று எமிலி கட்டிலிலிருந்து கேட்டாள். போய்ச் சொன்னேன்.

"புதுப் பாட்டரி வாங்கிப் போடுங்க. இதுக்கு எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதிய?"

"பழசக் கழட்டுற நேரத்துல எல்லாம் அழிஞ்சிருமே எமிலி."

"முன்ன கேசட்டுல ஏத்தி வைப்பியளே?"

"கேசட்டுல ஏத்துற பக்கம் எரிஞ்சுபோயி வருஷமாச்சு."

"அப்ப அணைக்காதிய. அவ்வளவுதான?" என்றாள். பேசினதுக்கே இருமல் வந்துவிட்டது. வெந்நீர் கொடுத்து முதுகைத் தடவிவிட்டேன்.

கீபோர்டின் வயரை இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் மாற்றினேன். மாற்றும்போது ஒரு கண்ணிமைப்பு நேரம்கூடப் போய்விடக் கூடாதே! ஒரே பிளக் பெட்டி வழியாக இரண்டு பக்கமும் கொடுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தேன். நின்றது.

அக்டோபர் 29

கரண்ட் இரண்டு தரம் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 2

நுரையீரல் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறதாம். இனிமேல் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டும், ராவும் பகலும் என்றார்.

"வீட்ல புகை ஏதாவது உண்டா? விறகு, சாம்பிராணி, கெமிக்கல் ஏதாவது?"

"அதெல்லாம் கிடையாது டாக்டர். நாங்க ஊதுபத்திகூட ஏத்துறதில்ல" என்றேன்.

எமிலி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.  ஆட்டோவில் வரும்போது கேட்டாள். "ஈயம் பத்த வைக்கிறத ஏன் சொல்லல?"

ஊரில் இருக்கிற பையன்கள் எல்லாம் பழைய கீபோர்டுகளைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் ரிப்பேருக்கு வருகிறார்கள். ஈயம் பற்றவைக்காமல் வாயால் ஊதியா சரிசெய்வது? அந்தப் புகையை முப்பது வருஷமாக மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே! இரண்டு அறை வீட்டில் வேறு எங்கே போய் உட்காருவது? டாக்டர் கேட்டது அடுப்புப் புகையைத்தான்.

நவம்பர் 5

ஆக்சிஜன் மெஷின் வந்தது. குட்டி பீரோ அளவு. புருபுருவென்று ஓயாமல் ஒரு சத்தம், அதுவும் சுருதி சேராத சத்தம். எமிலி மூக்கில் குழாயை மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். "பிள்ளையார் மாதிரில்லா இருக்கேன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் உதட்டில் நிறம் பார்த்தேன். மனசு நிறைந்துபோயிற்று.

மெஷின் கொண்டுவந்த ஆள் வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"கரண்ட் போனா என்ன சார் பண்ணுவீங்க?"

இன்வெர்ட்டரைக் காட்டினேன்.

"நல்லதா போச்சு. ரெண்டு மூணு மணி நேரம் தாராளமா இழுக்கும். ஆனா இதை மட்டும்தான் போடணும், வேற லோடு குடுக்காதீங்க. கூடவே ரெண்டு சிலிண்டர் வாங்கி வச்சுக்குங்க, மழைக்காலம்."

இன்வெர்ட்டர் பாயிண்ட் கீபோர்டு அறையில் மட்டும்தான் இருக்கிறது. எலக்ட்ரீஷியனை வைத்துக் கூடத்துக்கு ஒரு பாயிண்ட் இழுக்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம். இப்போது சுவரைத் துளைத்தால் சிமெண்ட் தூசி கிளம்பும், கீபோர்டு மூடி திறந்து கிடக்கிறது.

நவம்பர் 11

மியூசிக் டைரக்டர் அதியன் வந்தான். ஒரே ஒரு படம்தான் பண்ணியிருக்கிறான், அதற்குள் பெரிய பெயர். பையனிடம் லேப்டாப்பில் ஆயிரக்கணக்கில் சவுண்டு இருக்கிறது. உலகத்தில் உள்ள பழைய கீபோர்டு எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் நகல் வைத்திருக்கிறான். அப்படிப்பட்டவன் என் கீபோர்டு அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

ரூபனுடைய ஸ்ட்ரிங்ஸ் சவுண்டைப் போட்டு மூன்று சுரங்களைச் சேர்த்துப் பிடித்தேன். அவ்வளவுதான். அதியன் கையில் ரோமம் நின்றது, என்னிடம் காட்டினான்.

"எப்படி சார் இது? எங்கிட்ட இருக்கிறது இதே மாடல் நகல்தான், ஆனா அது செத்துக் கிடக்குது."

சொன்னேன். இதற்குள் ஆறு குரல்கள் இருக்கின்றன. ஆறும் ஒரே சுருதியில் நிற்காது. சூடு ஏற ஏற ஒன்று கொஞ்சம் தாழும், இன்னொன்று ஏறும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் இஸ்திரி போட்டுவிடும். இது கல்யாண வீட்டில் பெண்கள் சேர்ந்து பாடுகிற மாதிரி, ஒருத்தி முந்துவாள், ஒருத்தி இழுப்பாள். அதனால்தான் காதில் விழுந்தவுடன் நெஞ்சைப் பிடிக்கிறது.

"சவுண்டு எல்லாம் நீங்க பண்ணதா சார்?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். டிசம்பரில் முழு செட்டப்போடு வந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்துகொள்வானாம். அடுத்த படம் முழுக்க இந்த சவுண்டுதானாம். டைட்டிலில் என் பெயர் தனியாக வருமாம். முப்பது வருஷம் யார் யாருக்கோ வாசித்திருக்கிறேன், ஒரு இடத்தில்கூட என் பெயர் வந்ததில்லை.

அவன் போன பிறகு எமிலிக்குப் பழம் நறுக்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

நவம்பர் 15

புதுப் பாட்டரியைப் பழையதோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டு அப்புறம் பழையதை வெட்டி எடுத்தால் எதுவும் அழியாது. ஆனால் பவர் ஓடும்போதே செய்ய வேண்டும். கை தவறினால், சூட்டுக்கோலில் கொஞ்சம் கரண்ட் கசிந்தால், எல்லாம் காலி.

கதவைச் சாத்திக்கொண்டு மூன்று தரம் முயற்சி செய்தேன்.  இரண்டாம் தரம் ஈயம் பக்கத்துச் சிப்பின் காலில் விழப் பார்த்தது. வியர்த்துக் கொட்டிவிட்டது. சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அதியன் வந்து பதிவு செய்கிற வரைக்கும் இப்படியே ஓடட்டும்.

வெளியே வந்தால் எமிலி உட்கார்ந்தபடி இருமிக்கொண்டிருக்கிறாள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் எண்பத்தி நான்கு. சாயங்காலம்தான் தொண்ணூறுக்கு ஏறியது. மழைக்காலம், அவளுக்கு ஆகாது.

நவம்பர் 19

மகள் ஜெனிட்டா பெங்களூரிலிருந்து பேசினாள். அங்கே அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, அபார்ட்மெண்ட்டில் ஜெனரேட்டர் இருக்கிறது, மழை முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் வந்து இருங்கள் என்கிறாள்.

"அம்மாவுக்குப் பிரயாணம் தாங்காதும்மா" என்றேன்.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன்ப்பா. ஆக்சிஜனோட வரும். அம்மா சரின்னுட்டாங்க."

"கீபோர்டு ஓடிட்டிருக்கு. ஒரு நிமிஷம் அணைஞ்சாலும் மாமா பண்ணது எல்லாம் போயிரும்."

"நீங்களே ரெக்கார்ட் பண்ணி வச்சுட்டுக் கிளம்புங்களேன். போன்லகூடப் பண்ணலாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதிவு செய்வது போட்டோ எடுக்கிற மாதிரி. எடுக்கத் தெரிந்தவன் எடுக்க வேண்டும். "கல்யாணப் போட்டோவை வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்த முடியுமா?" என்று கத்தினேன்.  ஜெனி, "அம்மாவை மட்டுமாவது அனுப்புங்கப்பா" என்றாள். எமிலி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அடுத்த மாதம் அதியன் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வருகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

நவம்பர் 21

எமிலி கீபோர்டு அறைக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். குழாயை நீட்டிவிட்டு, நாற்காலியில் உட்கார வைத்தேன்.

"ரூபன் சவுண்டு ஒண்ணு போடுங்க."

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டாள். தலை லேசாக ஆடியது. இதற்காகத்தானே இத்தனை பாடு என்று நினைத்தேன். அவள் தம்பி மிச்சம் வைத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான்.

வாசித்து முடித்ததும் கண்ணைத் திறந்தாள். "அந்தப் பையன் கேட்டானே, நீங்க பண்ணதான்னு. ஏன் சிரிச்சிய?"

காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது இவளுக்கு.

"சொல்லுவேன் எமிலி. ரெக்கார்டிங் அன்னைக்கு நிதானமாச் சொல்லுவேன்."

"சொல்லுங்க" என்றாள். "அவன் பேரு எங்கயும் வந்ததில்ல. உங்க பேராவது அம்பது பேருக்குத் தெரியும்."

எலக்ட்ரீஷியன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 25

புயல் வருகிறதாம். டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம், காலையிலிருந்து அம்புக்குறி போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். மெழுகுவர்த்தி, பிரெட், பால் பவுடர், எமிலி மாத்திரை எல்லாம் வாங்கிவிட்டேன்.

சிலிண்டர் கடையில் போய் நின்றேன். ஏகப்பட்ட கூட்டம். ஒன்றுதான் வாங்கினேன். இரண்டாவதற்கு இன்னொரு தரம் வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் வீட்டில் கரண்ட் போய் இன்வெர்ட்டர் மாறாமல் நின்றுவிட்டால் பார்க்க ஆள் இல்லை. ஒன்று போதும். மெஷின்தான் இருக்கிறதே.

நவம்பர் 27

விடியும்போது கரண்ட் போனது. இப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர், கார் ஒன்று மிதந்து போய்க் கேட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வீடு முதல் மாடி என்பதால் உள்ளே தண்ணீர் வரவில்லை. செல்போனில் சிக்னல் இல்லை.

எமிலியைச் சிலிண்டருக்கு மாற்றினேன். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். இன்வெர்ட்டரில் கீபோர்டு மட்டும். அது இழுக்கிற கரண்ட் ஒரு பல்பு அளவுக்குத்தான். இப்படியே விட்டால் இரண்டு நாள்கூடத் தாங்கும். மெஷினை அதில் போட்டால் கொஞ்ச நேரத்தில் பாட்டரி காலியாகி இரண்டும் நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் இதுதான் சரி.

மத்தியானம் மேல்வீட்டு சம்பத் படியில் இறங்கி வந்து கதவைத் தட்டினான். நனைந்து தொப்பலாக இருந்தான்.

"சார், தீயணைப்பு போட் நம்ம தெருவுக்கு வந்திருக்கு. நாலாவது வீட்டுத் தாத்தாவ ஏத்திட்டிருக்காங்க. ஆன்ட்டியையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாம், நான் தூக்கிக்கிறேன்."

"பரவாயில்ல சம்பத். சிலிண்டர் இருக்கு. கரண்ட் வந்துரும்."

"நெஜமாவா சார்?"

"நெஜமாத்தான்."

உள்ளே போனேன். "யாரு?" என்று எமிலி கேட்டாள். "சம்பத். பால் வேணுமான்னு கேட்டான்" என்றேன்.

இந்த மழையில் அவளைப் படகில் ஏற்றினால் காய்ச்சல் வந்துவிடும். நானும் கூடப் போக வேண்டும். வீட்டில் யார் இருப்பது?

அதே நாள், சாயங்காலம்

சிலிண்டர் முள் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. டாக்டர் இரண்டு லிட்டரில் வைக்கச் சொல்லியிருந்தார். எமிலி கண்ணயர்ந்திருந்தாள், மூச்சும் ஒழுங்காக இருந்தது. ஒன்றுக்குக் குறைத்தேன். தூங்குகிறவளுக்கு எதற்கு அவ்வளவு காற்று? மிச்சம் பிடித்தால் நாளைக்கு உதவும்.

கீபோர்டு நன்றாக ஓடுகிறது.

நவம்பர் 28

காலையில் சிலிண்டர் காலி.

எமிலி உட்கார்ந்துகொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்தபடி மூச்சை இழுத்தாள். விரல் மீட்டரில் பார்த்த எண்ணை எழுத எனக்கு மனசு வரவில்லை. தெருவில் தண்ணீர் இன்னும் ஏறியிருக்கிறது. பால்கனியில் நின்று போட், போட் என்று கத்தினேன். சம்பத்தும் மாடியிலிருந்து கத்தினான். எதுவும் வரவில்லை.

எமிலி கையை ஆட்டிக் கூப்பிட்டாள். "இன்வெர்ட்டர்ல போடுங்க" என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று சொன்னாள்.

"அது ரொம்ப நேரம் இழுக்காது எமிலி. கரண்ட் இப்ப வந்துரும்."

"போடுங்க."

"ரூபனோடது எல்லாம் போயிருமே."

அவள் என்னைப் பார்த்த பார்வை! கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை.

"ரூபன் செத்தாச்சு. நான் இன்னும் சாவல."

 மெஷினைக் கீபோர்டு அறைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எமிலியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். குழாயை மாட்டி, பிளக்கைச் சொருகினேன். மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. எமிலி கண்ணை மூடி இழுத்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தோள் கொஞ்சம் இறங்கியது.

நேற்று விடியலிலிருந்து ஓடிய இன்வெர்ட்டர் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கீபோர்டின் சிவப்பு எண்கள் மங்கின. மங்கி, துடித்தன. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நொடி போய்விடும் என்று தெரிந்தது. இரண்டும் சேர்ந்து போய்விடக் கூடாதே என்றுதான். எதையாவது ஒன்றைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான்.

மெஷின் பிளக்கை எடுத்தேன்.

எண்கள் பழையபடி பிரகாசமாக வந்துவிட்டன.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ எமிலி, கரண்ட் வந்துரும்" என்றேன்.  அவள் கையை என் பக்கம் நீட்டவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வின்னியம்மாள் டீச்சர் மகள், ஊரில் அத்தனை பேர் பெண் கேட்டு வந்தபோது வாத்தியக்காரன்தான் வேண்டும் என்று நின்றவள். அதையெல்லாம் அவள் காதில் சொன்னேன். கேட்டாளா தெரியாது.

மத்தியானம் எமிலி போய்விட்டாள்.

இருட்டுகிற நேரத்தில் கரண்ட் வந்தது.

டிசம்பர் 2

அடக்கம் முடிந்தது. கல்லறைத் தோட்டம் முழுக்கச் சேறு. பெட்டியை இறக்கும்போது குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் வாளியால் இறைத்துக்கொண்டே இருந்தார்கள்.

ஜெனி என் பக்கத்தில் உட்கார்ந்து, "மெஷினை இன்வெர்ட்டர்ல போட்டீங்களாப்பா?" என்று கேட்டாள்.

"போட்டேன்மா. இழுக்கல. தீர்ந்துபோச்சு."

பொய் இல்லை. போட்டேன். இழுக்காது என்று மெஷின் கொண்டுவந்த ஆளே சொன்னதாகத்தான் ஞாபகம்.

அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்க தனியா எப்படிப்பா சமாளிச்சீங்க?" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன். பாஸ்டர் வந்து பிடித்துக்கொண்டார்.

டிசம்பர் 5

ஜெனி சமைக்கிறாள். அம்மா கை மாதிரியே உப்புக் கம்மி.

டிசம்பர் 9

அதியன் வந்தான். துக்க வீடு, அப்புறம் வருகிறேன் என்றான். நான்தான் வரச் சொன்னேன். வேலை நடந்தால் மனசுக்கு நல்லது.

ஒவ்வொரு சவுண்டாகப் போட்டு, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக அழுத்தினேன். அவன் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பதிவு செய்தான். ஸ்ட்ரிங்ஸ் வந்தபோது ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரிலேயே விட்டான். வீடு முழுக்க நிறைந்தது. எனக்கு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது.

"எப்படி சார் இத்தனை வருஷம் காப்பாத்தி வச்சீங்க?"

"உள்ள பாட்டரி செத்துப்போச்சு தம்பி. அக்டோபர்ல இருந்து அணைக்கவே இல்ல. அணைச்சா எல்லாம் போயிரும்."

"புயல்லகூடவா? எங்க ஏரியால ரெண்டு நாள் கரண்ட் இல்ல."

"இங்கயும்தான். இன்வெர்ட்டர்ல ஓடிச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசலில் ஜெனி நிற்கிறாள். கையில் எமிலியின் புடவைகள், மடித்தது பாதி, மடிக்காதது பாதி. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

ரூபன் பெயரை அதியனிடம் சொல்ல நினைத்திருந்தேன். சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

அவன் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஜெனி உள்ளே வந்தாள். புடவைகளை நாற்காலியில் வைத்தாள், எமிலி உட்கார்ந்த அதே நாற்காலியில். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தாள்.

"மாமா சவுண்டு" என்றாள்.

"ஆமாம்மா."

"ஒரு நிமிஷம் அணைஞ்சாலும் போயிரும்னு சொன்னீங்க. அம்மாவ அனுப்பச் சொன்னப்ப சொன்னீங்க."

நான் கீபோர்டின் மேல் இருந்த தூசியைத் துடைத்தேன்.

"இன்வெர்ட்டர் தீர்ந்துபோச்சுன்னீங்க. தீர்ந்திருந்தா இது எப்படிப்பா இருக்கு?"

"டீ போடவாம்மா?" என்று கேட்டேன்.

அவள் கட்டையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்த சவுண்டு நின்றுகொண்டே இருந்தது.

"அம்மா பார்த்துட்டு இருந்தாங்களா?"

 தலையை ஆட்டினேனா என்றுகூடத் தெரியவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது. கையை எடுத்தாள். நான் அவள் அதைத் தூக்கி உடைப்பாள், பிளக்கைப் பிடுங்குவாள் என்று நினைத்தேன். பிடுங்கிவிடு தாயே என்றுகூட மனசுக்குள் சொன்னேன்.

"இதை அணைச்சுடாதீங்கப்பா" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா என்று கேட்கிற குரல். "நீங்க இருக்கிற வரைக்கும் ஓடட்டும். நீங்க பார்த்துட்டே இருங்க."

சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டாள். புடவைகளை எடுத்துக்கொண்டாள். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

டிசம்பர் 17

ஜெனி போனை எடுப்பதில்லை.

டிசம்பர் 30

அதியன் செய்தி அனுப்பியிருக்கிறான். டைட்டிலில் என் முழுப் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்கிறான். ரூபன் என்று போடு, சவுண்டு அவனுடையது என்று எழுதி அனுப்பினேன். யார் சார் ரூபன் என்று கேட்டிருக்கிறான். என் மனைவியின் தம்பி என்று எழுத ஆரம்பித்தேன். மனைவி என்ற வார்த்தைக்கு மேல் விரல் நகரவில்லை.

இனி இது ஓட வேண்டிய அவசியமே இல்லை. எல்லாம் அதியனிடம் பதிவாகிவிட்டது. காலையிலிருந்து மூன்று தரம் சுவிட்ச் வரைக்கும் போய்விட்டேன். அணைத்தால் எமிலி போனது ஒன்றுமில்லாததற்காக என்று ஆகிவிடும். அணைக்காவிட்டால் எதற்காகப் போனாள் என்பது விடிந்தால் அடைந்தால் என் கண் முன்னால் சிவப்பாக எரிகிறது. நான்தான் பிளக்கை எடுத்தேன். காற்று அவள் மூக்கில் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தேன்.

சாயங்காலம் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் மாறிக்கொண்டது. நான் எமிலி நாற்காலியில் உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்துவிட்டது.